யன்னலுக்குச் சிலிக்கன்: பாஸ் பூசியதும் நான் பூசியதும்

பாலையூற்றில் இருக்கும் நண்பர் ஒருவருக்குப் போன மாரியில் கட்டில் மெத்தை நனைந்துவிட்டது. யன்னல் விளிம்புகளின் இடைவெளியை அடைக்கப் புதிதாகச் சிலிக்கன் பசை பூச ஆள் பிடிப்பதா, தானே செய்வதா என்று என்னிடம் கேட்டார். போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் வீடு திருகோணமலை உப்புவெளியில், கடலுக்குக் கிட்ட. 2022 ஓகஸ்டில் மேல்மாடி யன்னல்களுக்கு ஒரு பாஸ் (கூலிக்கு வரும் கட்டட வேலைக்காரர்) பூசினார், கீழ்மாடிக்கு நானே பூசினேன். எல்லாம் பக்கவாட்டில் இழுத்துத் திறக்கும் அலுமினிய யன்னல்கள். எல்லாம் வடகிழக்கைப் பார்த்தவை, அதாவது மாரிக்காற்று நேரே வந்து அறையும் பக்கம். மேலே காற்று கூடுதலாக அடிக்கும், அதைக் கழித்துத்தான் ஒப்பிட வேண்டும்.

முதலில் பாஸுக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடுகிறேன். கை சுத்தமான மனிதர். ஏணியில் நின்றபடியே, ஓரங்களில் ரேப் (ஒட்டுநாடா) ஒட்டாமல் ஒரே இழுவையில் கோடு போட்டார். இன்றைக்கும் அந்தக் கோடு நூல் பிடித்தது போல நேராக நிற்கிறது. சுவருக்கும் சட்டத்துக்கும் இடையில் மேலேயும் பக்கங்களிலும் ஓரிடத்தில்கூட உரியவில்லை. அலுமினியம் வெயிலில் சீமெந்தைவிட இரண்டு மடங்கு விரியும். ஐந்தடிச் சட்டம் 30 பாகை சூடு ஏறினால் ஒரு மில்லிமீற்றர் அளவு நீளும். கச்சான் என்கிற சூடான தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் பகல் முழுக்கக் காய்ந்து, மாரியில் குளிர்ந்து சுருங்கும் இடத்தில் அவர் பூச்சு விடாமல் பிடித்திருக்கிறது என்றால் அது நல்ல வேலை. நான் போட்ட கோடு அவ்வளவு நேரில்லை. தெருவில் நின்று பார்க்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியும்.

ஆனால் மழை பெய்தபோது தண்ணீர் வந்தது மேல்மாடியில்தான்.

இழுவை யன்னலின் அடிச்சட்டத்தில், வெளிப்பக்கமாகச் சின்னச் சின்ன நீள்துளைகள் இருக்கும். அவை பழுது இல்லை, வேண்டுமென்றே வைத்தவை. காற்றோடு வரும் மழை கண்ணாடிக் கதவின் ஓரத்தில் உள்ள தும்பையும் ரப்பரையும் தாண்டிக் கொஞ்சம் உள்ளே இறங்கத்தான் செய்யும். அந்தத் தண்ணீர் கதவு ஓடும் அடித் தண்டவாளத்தில் சேர்ந்து, இந்தத் துளைகள் வழியாக வெளியே வடிய வேண்டும். எங்கள் பாஸ் அந்த அழகான கோட்டை அடியிலும் இழுத்துக்கொண்டு போய், விரலால் அழுத்தி, துளைகள் எல்லாவற்றையும் மூடிவிட்டார்.

பிறகு என்ன நடக்கும்? மணிக்கு 60 கிலோமீற்றர் வேகக் காற்று யன்னலில் தரும் அழுத்தம் ஏறக்குறைய 17 மில்லிமீற்றர் உயரத் தண்ணீரைத் தள்ளி நிறுத்தும். வடியவும் வழியில்லாமல், பின்னால் காற்றும் தள்ளினால், உள்விளிம்பைத் தாண்டி அறைக்குள் கொட்டும். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு திருகோணமலைக்கு வடக்கே கரையேறிய புரெவிப் புயல் போல ஒன்று வரவேண்டியதில்லை. சாதாரண கார்த்திகை மழையே போதும்.

கூப்பிட்டதும் பாஸ் வந்தார், அதில் குறை இல்லை. வந்து பார்த்துவிட்டு, "சிலிக்கன் காணாது ஐயா" என்று அதே இடத்தில் மேலும் ஒரு பட்டை பூசினார். அடுத்த மழைக்கு இன்னும் கூடுதலாக வந்தது. துவாய்களைப் போட்டு, சாக்கைப் போட்டு, இரவில் எழும்பி எழும்பிப் பிழிந்து ஊற்றிய கோபம் எனக்கு இன்னும் தணியவில்லை. கடைசியில் ஒரு மழை நாளில் தண்டவாளம் வாய்க்கால் மாதிரி நிரம்பி நிற்பதைப் பார்த்தேன். மழை விட்டதும் கண்ணாடிக் கதவைத் தூக்கிக் கழற்றி, உள்ளே நின்றே கையை வெளியே நீட்டி, கட்டர் பிளேட்டால் துளைகளை அறுத்துத் திறந்தேன். நின்ற தண்ணீர் முழுவதும் வெளிச்சுவரால் ஓடியது. அதன் பிறகு மேலே ஒரு சொட்டு வரவில்லை.

கீழ்மாடி வேலையைச் சொல்கிறேன். இதில் பூசுவது கொஞ்ச நேரம், சுரண்டுவதுதான் வேலை. காய்ந்த பழைய சிலிக்கனில் புதியது ஒழுங்காக ஒட்டாது. மிச்சம் மீதி இல்லாமல் எடுத்து, உப்புப் படிவும் கச்சான் தூசியும் போகக் கழுவி, காயவிட்டு, ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும். கூலிக்கு வருகிறவர் இதற்கு ஒரு பகலை ஒதுக்கமாட்டார், ஒதுக்கினால் அவருக்குக் கட்டாது.

ரியூப் வாங்கும்போது வினாகிரி மணக்கும் மலிவான வகையை எடுக்காதீர்கள். அந்த அமிலம் சீமெந்துச் சுண்ணாம்போடு சேர்ந்து ஒட்டுப்பிடியைக் கெடுக்கும், அலுமினியத்துக்கும் கூடாது. 'நியூற்றல்' என்று எழுதியதைக் கேட்டு வாங்குங்கள். இடைவெளி அகலமாக இருந்தால் முதலில் நுரைக் கயிறு ஒன்றை உள்ளே திணிக்க வேண்டும். சிலிக்கன் இரண்டு பக்கமும் மட்டும் பிடித்து, நடுவில் இழுபடச் சுதந்திரமாக இருக்க வேண்டும். பின்பக்கமும் ஒட்டிக்கொண்டால் சட்டம் அசையும்போது கிழியும். ஆழம் அகலத்தில் பாதி இருந்தால் போதும். நான் கேட்ட கடைகளில் அந்தக் கயிறு இருக்கவில்லை, கொழும்பிலிருந்து வந்த உறவினர் கொண்டுவந்து தந்தார்.

நம் வெக்கைக்குப் பத்து நிமிடத்தில் மேலே தோல் கட்டத் தொடங்கிவிடும். ஆகவே இரண்டு ஓரமும் ரேப் ஒட்டிவிட்டு, ஒரு பக்கம் பூசி, சவர்க்காரத் தண்ணீர் தொட்ட விரலால் நீவி, உடனே ரேப்பை உரியுங்கள். உள்ளே இறுக நாளுக்கு இரண்டு மூன்று மில்லிமீற்றர் என்ற கணக்கு. அப்புறம் ஒன்று, சாதாரணச் சிலிக்கனில் பெயின்ற் பிடிக்காது. சுவர் நிறத்துக்குக் கிட்டிய நிறத்தைப் பார்த்து எடுங்கள்.

செலவில் பெரிய லாபம் என்று சொல்லமாட்டேன். நல்ல ரியூப், அதை அழுத்திப் பூசும் கன், ஸ்பிரிட் எல்லாம் சேர்த்துப் பார்த்தால் மிஞ்சுவது பாஸின் கூலியில் ஒரு பகுதிதான். வேகம், நேர்த்தி, உயரத்தில் நின்று செய்யும் துணிவு எல்லாவற்றிலும் அவர்தான் முன்னுக்கு. அவர் பூசிய பக்கவாட்டுக் கோடுகள் என்னுடையதைவிடக் கூடக் காலம் நிற்கும் என்றே நினைக்கிறேன்.

ஆனாலும் நீங்களே செய்யுங்கள். தண்ணீர் எந்த வழியால் வருகிறது, எந்த வழியால் போக வேண்டும் என்று யன்னலுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து பார்க்கப் போகிறவர் அந்த அறையில் படுக்கிறவர்தான். ஒழுகுகிறது என்று சொன்னதும் தண்ணீர் வந்த பாதையைப் பார்க்காமல் அதன்மேல் இன்னொரு பட்டை பூசியதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஒக்டோபரில் மழை தொடங்க முதல் முடித்துவிடுங்கள். மேல்மாடி உயரம், ஏணி ஏற ஏலாது என்றால் ஆள் பிடிக்கத்தான் வேண்டும். அப்படியென்றால் பூச முதல் அடித் துளைகளை அவருக்கு விரல் வைத்துக் காட்டுங்கள். வேலை முடிந்து சிலிக்கன் இறுகியதும் ஒரு செம்பு தண்ணீரைத் தண்டவாளத்தில் ஊற்றுங்கள். அது வெளிச்சுவரில் வடிவதைப் பார்க்கும்வரை மிச்சக் காசைக் கொடுக்காதீர்கள்.