ஃபேன் இருந்த இடத்தில் விளக்கு: கொக்கியில் தொங்கலா, பேனலா, இரண்டும் சேர்ந்ததா?

சாப்பாட்டு மேஜைக்கு நேர் மேலே ஓடும் ஃபேன் சோற்றை ஆற வைத்துவிடும். ஏசி போட்ட அறையில் அது சும்மாவே தொங்கிக்கொண்டிருக்கும். கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு நல்ல விளக்கு மாட்டலாமே என்ற எண்ணம் வருவது இயல்புதான். ஆனால் பெரும்பாலும் முதலில் விளக்குக் கடைக்குப் போகிறோம், பிறகுதான் வயர்மேனைக் கூப்பிடுகிறோம். இந்த வரிசை தலைகீழாக இருக்க வேண்டும் என்பதே என் கருத்து. கூரைக்கு எத்தனை வயர் வருகிறது, அது சுவிட்ச் போர்டில் எதன் வழியாக வருகிறது, கொக்கி எந்த நிலையில் இருக்கிறது என்ற மூன்றையும் பார்த்த பிறகுதான் எந்த விளக்கு என்ற கேள்விக்கே பதில் கிடைக்கும். கடையில் அழகாகத் தெரிந்த விளக்கு வீட்டுக் கூரைக்குப் பொருந்தாமல் போவதற்கு இந்த மூன்றில் ஒன்றுதான் காரணமாக இருக்கும்.

கூரைக்குள் என்ன இருக்கிறது

தமிழ்நாட்டுக் கான்கிரீட் வீடுகளில் ஃபேன் பாயிண்ட் என்பது கூரை போடும்போதே கம்பியோடு சேர்த்துப் பதித்த ஒரு பெட்டியும், அதற்குள் வளைத்த இரும்புக் கொக்கியும். சுவருக்குள் ஓடும் பிவிசி பைப் வழியாக வயர்கள் அங்கே வந்து சேரும். அவை சீலிங் ரோஸிலோ ஒரு சிறிய கனெக்டரிலோ முடியும்.

பழைய வீடுகளில் அங்கே வருவது இரண்டே வயர்: சுவிட்ச் போட்டால் உயிர் வரும் ஃபேஸ் ஒன்று, நியூட்ரல் ஒன்று. ஒழுங்காக வயரிங் செய்த வீட்டில் மூன்றாவதாகப் பச்சை நிற எர்த் வயரும் இருக்கும். இந்த மூன்றாவது வயர் இருக்கிறதா இல்லையா என்பதுதான் பின்னால் பெரிய வித்தியாசத்தை உண்டாக்கப்போகிறது.

முதல்முறை கப்பை, அதாவது கூரையையொட்டி வயர் இணைப்பை மறைக்கும் கிண்ண மூடியை, கீழே இறக்கிப் பார்ப்பவர்கள் குழம்பும் இடம் ஒன்று உண்டு. ஃபேன் மோட்டாரிலிருந்து மூன்று வயர் வெளியே வந்து, கன்டென்சரோடு சேர்ந்து ஒரு முடிச்சாகத் தெரியும். இவை ஃபேனுடைய வயர்கள், வீட்டுடையவை அல்ல. கன்டென்சரும் அந்த மூன்று வயர்களும் ஃபேனோடு போய்விடும். கூரையிலிருந்து கனெக்டருக்கு இறங்கி வரும் வயர்கள் மட்டுமே நம் கணக்கு. பழைய கன்டென்சரை விளக்குக்கு மாட்ட வேண்டிய தேவை எதுவும் இல்லை.

ரெகுலேட்டர்தான் முதல் சிக்கல்

சுவிட்ச் போர்டைத் திறந்தால் வழி தெளிவாகத் தெரியும். ஃபேஸ் முதலில் சுவிட்சுக்கு வரும், அங்கிருந்து ரெகுலேட்டருக்கு, ரெகுலேட்டரிலிருந்து கூரைக்கு. அதாவது கூரையில் நிற்கும் ஃபேஸ் வயர் ரெகுலேட்டரைத் தாண்டி வந்த வயர். அதில் எல்இடி விளக்கை மாட்டினால், ரெகுலேட்டரை 2-லோ 3-லோ வைக்கும்போது விளக்கு மினுக்கும், மங்கும், சில நேரம் எரியவே எரியாது. எல்இடிக்குள் இருக்கும் டிரைவர் முழு 230 வோல்ட்டை எதிர்பார்க்கும் மின்னணுச் சுற்று. ஃபேன் மோட்டாருக்காகச் செய்த ரெகுலேட்டர் வெட்டியோ குறைத்தோ கொடுக்கும் மின்சாரம் அதற்கு ஒத்துவராது. நாளடைவில் டிரைவரே போய்விடவும் வாய்ப்புண்டு.

"5-ல் வைத்துவிட்டால் போதாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. இப்போது வரும் ஸ்டெப் ரெகுலேட்டர்களில் கடைசி எண் பெரும்பாலும் நேரடி இணைப்புதான் என்பதால் விளக்கு ஒழுங்காக எரியும். ஆனால் வீட்டில் யாராவது ஒருநாள் அதைத் திருப்பத்தான் செய்வார்கள். ரெகுலேட்டரை எடுத்துவிட்டு, கூரைக்குப் போகும் வயரை சுவிட்சின் வெளிமுனையிலேயே நேராக இணைத்துவிடுவதுதான் சரி. போர்டில் விழும் ஓட்டைக்கு ஒரு டம்மி பிளேட் போதும். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க ஆசையென்றால், டிம் செய்யக்கூடியது என்று போட்டிருக்கும் விளக்கும் அதற்கான எல்இடி டிம்மரும் தனியாக வாங்க வேண்டும். ஃபேன் ரெகுலேட்டர் அந்த வேலையைச் செய்யாது.

கொக்கியில் தொங்கும் விளக்கு

ஃபேன் பாயிண்டுக்கு இயல்பாகப் பொருந்துவது இதுதான். கொக்கி ஏற்கெனவே இருக்கிறது, கூரையில் புதிதாகத் துளை போட வேண்டியதில்லை. சாதாரண ஃபேன் நாலைந்து கிலோ எடையோடு சுழன்று அதிரும். அந்த அதிர்வை வருடக்கணக்கில் தாங்கிய கொக்கி, அதே எடையுள்ள அசையாத விளக்கைத் தாங்கும். ஆனால் அந்த அதிர்வே கொக்கியைத் தேய்த்தும் இருக்கும். ஷேக்கிள் (ஃபேன் தண்டைக் கொக்கியில் மாட்டும் இரும்பு வளைவு) உட்காரும் இடத்தில் கொக்கி மெலிந்திருக்கிறதா, துரு ஏறியிருக்கிறதா என்று வெளிச்சம் அடித்துப் பார்க்க வேண்டும். பத்து கிலோவைத் தாண்டும் கண்ணாடிச் சரவிளக்கு என்றால் கொக்கியைச் சோதிக்காமல் வாங்கவே கூடாது. மர உத்திரங்களின்மேல் செங்கல் அடுக்கிய பழைய மெட்ராஸ் டெரஸ் கூரை வீடுகளில் ஃபேன் மர உத்திரத்தில் கிளாம்ப் போட்டுத் தொங்கும். அங்கே உத்திரத்தின் நிலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங் உள்ள வீட்டில் எடை முழுவதும் மேலே உள்ள கான்கிரீட் கொக்கிக்குத்தான் போக வேண்டும். ஜிப்சத்தில் எதையும் தொங்கவிட வேண்டாம்.

வாங்கும்போது சங்கிலியோ வளையமோ உள்ள மாடலாகப் பாருங்கள். பல தொங்கு விளக்குகள் ஒரு இரும்புப் பட்டையை இரண்டு ஸ்குரூ போட்டுக் கூரையில் பொருத்தும் வகை. ஃபேன் பெட்டியில் அந்தப் பட்டைக்கு இடமே இருக்காது. விளக்கின் கப் ஃபேன் பெட்டியின் வாயை முழுதாக மூடுமா என்பதற்கு அளவெடுத்துக்கொண்டு போவது நல்லது. மூடாவிட்டால் எத்தனை அழகான விளக்கும் ஒரு ஓட்டைக்குக் கீழே தொங்குவது போலத்தான் தெரியும்.

இங்கேதான் எர்த் வயர் பேச்சு வருகிறது. பித்தளை, இரும்பு உடம்புள்ள சரவிளக்குக்கு எர்த் கட்டாயம் வேண்டும். உள்ளே வயர் உரசி உடம்பில் மின்சாரம் ஏறினால், பல்பு மாற்றப் போகும் கைதான் அதன் வழியாகிவிடும். கூரையில் இரண்டு வயர்தான் இருக்கிறது, பைப்பில் எர்த் இழுக்கவும் முடியவில்லை என்றால், சதுரத்துக்குள் சதுரம் குறி போட்ட இரட்டைக் காப்பு விளக்கை வாங்குங்கள். அந்த வகைக்கு எர்த் தேவையில்லை. எர்த் முனை உள்ள உலோக விளக்கை எர்த் இல்லாமல் மாட்டிவிட்டுப் போகும் வேலையை நான் எந்த வீட்டிலும் ஏற்க மாட்டேன்.

மரை ஹோல்டர் உள்ள விளக்கில் ஃபேஸ் அடியில் உள்ள நடு முனைக்குப் போக வேண்டும், நியூட்ரல் மரைச் சுற்றுக்கு. மாறிப்போனால் விளக்கு எரியத்தான் செய்யும். ஆனால் பல்பைத் திருகும்போது விரல் படும் இடத்தில் ஃபேஸ் இருக்கும். நம் பழைய பின் ஹோல்டரில் இந்தக் கவலை இவ்வளவு இல்லை.

மேஜைக்கு மேலே என்றால் விளக்கின் அடி மேஜைப் பலகையிலிருந்து இரண்டரை முதல் மூன்று அடி உயரத்தில் நின்றால் சாப்பாடு தெரியும், எதிரே உட்கார்ந்தவர் முகமும் மறையாது. மேஜை இல்லாத, ஆள் நடக்கும் இடமென்றால் ஏழடிக்குக் கீழே எதுவும் தொங்கக்கூடாது.

தட்டையான பேனல்

கூரை தாழ்ந்த அறைக்கும், ஒட்டடை அடிக்க நேரமில்லாத வீட்டுக்கும் ஏற்றது. 18 வாட், 22 வாட் வட்டப் பேனல் ஒரு சிறிய அறைக்குப் போதிய வெளிச்சம் தரும். வெளி உடம்பு பிளாஸ்டிக்காக உள்ள மாடல்கள் நிறைய இருப்பதால் இரண்டு வயர் பாயிண்டிலும் சங்கடமில்லை.

தொல்லை கொக்கியால் வருகிறது. சில வீடுகளில் கொக்கி பெட்டிக்குள்ளேயே அடங்கியிருக்கும், சில வீடுகளில் கூரைக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும். நீட்டிக்கொண்டிருந்தால் பேனல் கூரையோடு ஒட்டி உட்காராது. உடனே "அறுத்துடலாம் சார்" என்று ஒரு யோசனை வரும். தயவுசெய்து விடாதீர்கள். அது கான்கிரீட் கம்பியோடு கட்டிப் பதித்த கொக்கி. ஒருமுறை அறுத்தால் அதே பலத்தோடு திரும்ப வராது. அடுத்த சித்திரையில் ஏசி பழுதாகி, அங்கே மறுபடி ஃபேன் மாட்ட வேண்டி வந்தால் ஆங்கர் போல்ட்டை நம்பித்தான் இருக்க வேண்டும். கொக்கி நீட்டிக்கொண்டிருந்தால் உயரமான கிண்ண வடிவ விளக்குக்குப் போய்விடலாம்.

பேனலுக்குக் கூரையில் துளை போட வேண்டும் என்பது இன்னொரு சங்கதி. ஃபேன் பெட்டிக்கு வரும் பைப் கூரைக்குள் பக்கத்திலேயேதான் ஓடும். அது எந்தச் சுவர்ப் பக்கமிருந்து வருகிறது என்று பெட்டிக்குள் பார்த்து, அந்தத் திசையை விட்டு மறு பக்கங்களில் துளை போட வேண்டும்.

விளக்கோடு வரும் ஃபேன்

காற்றும் வேண்டும் வெளிச்சமும் வேண்டும் என்பவர்களுக்கு இது கவர்ச்சியாகத் தெரியும். பிரச்சினை வயரில் இருக்கிறது. நம் கூரைக்கு வருவது சுவிட்ச் வழியாக ஒரே ஒரு ஃபேஸ். ஃபேனுக்கு ஒரு சுவிட்ச், விளக்குக்கு ஒரு சுவிட்ச் என்று சுவரில் தனித்தனியாக வேண்டுமானால் போர்டிலிருந்து இன்னொரு வயர் இழுக்க வேண்டும். பைப்பில் இடமிருந்தால் ஸ்பிரிங் விட்டு இழுத்துவிடலாம். இடமில்லாவிட்டால் ரிமோட்தான் கதி. ரிமோட் பேட்டரி தீர்ந்த இரவில் விளக்கை மட்டும் அணைக்கத் தெரியாமல் வீட்டுப் பெரியவர்கள் படும் பாட்டை நினைத்தால், அவர்கள் படுக்கும் அறைக்கு இதை நான் சொல்ல மாட்டேன்.

இதை வாங்குவதென்றால் பிஎல்டிசி எனும் பிரஷ் இல்லாத மோட்டாராகவே பாருங்கள். பழைய வகை ஃபேன் 70, 80 வாட் இழுக்கும் இடத்தில் இது 30 வாட் சொச்சத்தில் ஓடும். 2023 ஜனவரியிலிருந்து சீலிங் ஃபேன்களுக்கு நட்சத்திர முத்திரை கட்டாயம் என்பதால் ஒப்பிடுவதும் சுலபம். இதற்கும் சுவர் ரெகுலேட்டரை எடுத்துவிட வேண்டும்.

ஃபேனைத் தொடாமல் விடுவது

கேட்டவர்கள் பலருக்கும் நான் சொன்ன பதில் இதுதான், அதிலும் படுக்கையறைக்கு. சென்னையிலோ மதுரையிலோ மே மாதத்தில் ஃபேன் இல்லாத அறை, ஏசி நின்ற நிமிடமே பயன்படாத அறையாகிவிடும். ஃபேன் நடுவில் இருக்கட்டும், ஏற்கெனவே உள்ள டியூப்லைட் பாயிண்டிலிருந்தோ ஃபால்ஸ் சீலிங்கிலோ புதிய விளக்குகளைக் கொடுக்கலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: 1200 மில்லிமீட்டர் ஃபேனின் இறக்கை நடுவிலிருந்து இரண்டடி வரை நீளும். அந்த வட்டத்துக்கு மேலே விளக்கு வந்தால், ஃபேன் ஓடும்போது அறை முழுக்க நிழல் வெட்டிவெட்டி ஓடும், தலைவலியும் கூடவே வரும். வட்டத்துக்கு வெளியே தள்ளி வையுங்கள்.

சாப்பாட்டு அறைக்கு மட்டும் என் ஓட்டு கொக்கியில் தொங்கும் விளக்குக்கே. இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் ஃபேன் பாயிண்ட் பெரும்பாலும் அதன் லைனில் இருப்பதால், கரண்ட் போனாலும் சாப்பாட்டு மேஜை இருட்டாகாது.

நிறங்களை நம்பாதீர்கள்

நம் வீடுகளில் பழக்கம் இது: சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் ஃபேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். மும்முனை இணைப்பு உள்ள வீட்டில் ஒரு அறையின் ஃபேஸ் நீலமாகவே இருக்கலாம். ஆனால் விளக்குப் பெட்டிக்குள் இருந்து வரும் வயரில் பழுப்பு ஃபேஸ், நீலம் நியூட்ரல். நீலத்தோடு நீலத்தை முறுக்கினால் தப்பாகிவிடும். அமெரிக்க வீடியோக்களைப் பார்த்துச் செய்பவர்களுக்கு இன்னும் பெரிய ஆபத்து உண்டு. அங்கே கறுப்புதான் ஃபேஸ், வெள்ளை நியூட்ரல், மின்னழுத்தமும் 120 வோல்ட். அங்கே பிறந்த வழிமுறையை இங்கே அப்படியே பின்பற்றக் கூடாது. அதோடு வீடு கட்டியபோது வயர்மேன் கையில் எந்தச் சுருள் இருந்ததோ அதை இழுத்திருக்கவும் வாய்ப்புண்டு. டெஸ்டர் சொல்வதுதான் கணக்கு.

அணைப்பது எப்படி

சுவிட்சை அணைத்தால் போதாது. சில பழைய வீடுகளில் சுவிட்ச் தவறுதலாக நியூட்ரலில் இருக்கும். அப்போது சுவிட்ச் அணைந்திருந்தாலும் கூரையில் ஃபேஸ் உயிரோடு நிற்கும். மின்பலகையில் அந்த லைனுக்கான எம்சிபியை (ஃப்யூஸுக்குப் பதிலாக வரும் பாதுகாப்புச் சுவிட்ச்) இறக்க வேண்டும். இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் மெயினை இறக்கினால்கூட மின்சாரம் நிற்காது. கரண்ட் போய்விட்டது என்று நினைத்து இன்வெர்ட்டர் அந்த லைனுக்குத் தானாக மின்சாரம் கொடுக்கத் தொடங்கிவிடும். ஏணியில் ஏறுவதற்கு முன் இன்வெர்ட்டரின் அவுட்புட்டையும் அணைத்தாக வேண்டும். பிறகு டெஸ்டரை எரியும் என்று தெரிந்த ஒரு பிளக்கில் வைத்துப் பார்த்து, கூரை வயரில் பார்த்து, மறுபடி அந்தப் பிளக்கில் பாருங்கள். டெஸ்டரே கெட்டுப்போயிருந்தால் இந்த முறையில் பிடிபட்டுவிடும். மெயினை இறக்கிய பிறகு வீட்டில் உயிருள்ள பிளக் இருக்காது என்பதால், அந்த அறைக்கான எம்சிபியை மட்டும் இறக்கியிருந்தால் பக்கத்து அறைப் பிளக் இதற்கு உதவும். இதில் எந்த இடத்தில் சந்தேகம் வந்தாலும் உரிமம் உள்ள வயர்மேனை அழையுங்கள். ஃபேனை இறக்கக் கீழே இன்னொரு ஆள் நிற்பதும் அவசியம்.

மாட்டியதும் மின்சாரத்தைக் கொடுத்து இரண்டு விஷயங்களைப் பாருங்கள். விளக்கைப் போட்டதும் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் தானாக அணையும் பாதுகாப்புச் சுவிட்ச்) விழுந்தால், இன்வெர்ட்டர் லைனின் ஃபேஸோடு வேறு சர்க்யூட்டின் நியூட்ரல் கலந்திருக்கிறதா என்று தேடுங்கள். ராத்திரி அணைத்த பிறகும் எல்இடி லேசாக மினுங்கினால், சுவிட்சில் சின்ன இண்டிகேட்டர் விளக்கு இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் சுவிட்ச் நியூட்ரலில் இருக்கலாம். அப்படியிருந்தால் பல்பை மாற்றிப் பயனில்லை, போர்டைத் திறந்து ஃபேஸை சுவிட்சுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள்.