ஞானப்பல் புடுங்குனப்புறம் போட்ட மாத்திரைங்க: எது கேட்டுச்சு, எது கேக்கல

கீழ்வரிசைல கடைசிப்பல்லு சாய்ஞ்சு மொளச்சு கெடந்துச்சு, குன்னூர்லேந்து கோயமுத்தூர் எறங்கிப்போய் எலும்ப லேசா ராவி எடுத்துட்டு தையல் போட்டு அனுப்புனாங்க. சீட்டுல ஐபுபுரூஃபன் 400, டோலோ 650 (பாராசிட்டமால்தான் அது), அப்புறம் தாங்கவே முடியலன்னா மட்டும் போடச்சொல்லி டிரமடால் கலந்தது ஒண்ணு. நான் பெரிய புத்திசாலி இல்லையா, ஐபுபுரூஃபன் வயித்த புண்ணாக்கும்னு அத தொடவே இல்ல, டோலோவையும் வலி வந்தா பாத்துக்கலாம்னு பைல போட்டுக்கிட்டு பஸ் ஏறிட்டேன். பர்லியார் வர்றதுக்குள்ள மரப்பு விட்டுப்போச்சு. ஒவ்வொரு கொண்டை ஊசிக்கும் வலி காது வரைக்கும் போய்ட்டு வந்துச்சு.

டோலோ காய்ச்சலுக்கு நமக்கு சாமி மாதிரி, ஆனா இதுக்கு பாதிதான் கேட்டுச்சு. வீக்கத்துக்கு அது பெருசா ஒண்ணும் பண்ணாது.

ராத்திரி டிரமடால் போட்டேன், ஸ்ட்ராங்கா இருக்கும்ல. வலி இருக்கு ஆனா யாருக்கோ வலிக்குற மாதிரி இருக்கு, கட்டில்ல படுத்திருந்தாலும் இன்னும் மலைரோட்டுலயே சுத்துற மாதிரி தலைசுத்தல், ரெண்டு தடவ வாந்தி, வாந்தி வர்றப்ப குழில இருக்குற ரத்தக்கட்டி பேந்துருமோன்னு வேற பயம், ஏன்னா அது போச்சுன்னா எலும்பு வெளிய தெரிஞ்சு மூணாம் நாள் நாலாம் நாள்ல வலி பின்னி எடுத்துரும்.

காலைல டாக்டருக்கு போன் போட்டேன், திட்டுனாரு. கஞ்சி குடிச்சுட்டு ஐபுபுரூஃபனும் டோலோவும் சேத்து போடுங்கன்னாரு. முக்கா மணி நேரத்துல பேச்சு வந்துருச்சுங்க! வீக்கத்த ஒண்ணு பாத்துக்குது, வலிய இன்னொண்ணு பாத்துக்குது. இத மரப்பு விடுறதுக்கு முன்னாடியே போட்ருந்தா பஸ்ல அந்த பாடு பட்ருக்க வேண்டாம். என் மார்க் இந்த ஜோடிக்குத்தான், விலையும் சல்லிசு.

ஆனா காம்பிஃப்ளாம்னு ஒரு மாத்திரைல ஐபுபுரூஃபன், பாராசிட்டமால் ரெண்டும் ஏற்கனவே கலந்திருக்கு, அது மேல டோலோவ போட்டா கணக்கு பாத்துக்கோங்க, பாராசிட்டமால் ஒரு நாளைக்கு 4 கிராம் தாண்டக்கூடாது. அல்சர், கிட்னி பிரச்சனை, ஆஸ்துமா இருக்குறவங்க, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை எடுக்குறவங்க டாக்டர கேக்காம ஐபுபுரூஃபன் பக்கமே போகாதீங்க.

அம்மா பர்லியார் கிராம்ப தட்டி குழில வைக்க வந்துச்சு, கைய புடிச்சு தடுத்துட்டேன். இந்த குளிர்ல கன்னத்துல ஐஸ் வெச்சது, ஒரு நாள் பூரா சூடா டீ இல்லாம இருந்தது, அதெல்லாம் தனி தண்டனை. அஞ்சாம் நாள்தான் வர்க்கிய டீல நல்லா ஊறவெச்சு மறுபக்கமா தின்னேன்.