ஈயக்குட்டைக் கரையில் சிக்மா 150-600: சில ஆண்டு அனுபவம்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், பத்து காஜா பக்கம், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய பழைய ஈயக்குட்டைகளில்தான் என் சிக்மா 150-600 காண்டெம்பரரி லென்ஸுக்கு, அதாவது 150 முதல் 600 மி.மீ. வரை போகும் தூர லென்ஸுக்கு, பெரும்பாலும் வேலை. கிந்தா பள்ளத்தாக்கில் ஈயம் (வெள்ளீயம்) தோண்டிவிட்டுப் போன பள்ளங்களில் இன்று நாரையும் கொக்கும் நிறைந்திருக்கின்றன. வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது: எந்த மாதம், எத்தனை மணிக்குப் போவீர்கள் என்று முதலில் யோசியுங்கள்.

காலை ஏழரைக்கு 600 மி.மீ.-இல் எடுத்தால் செந்நாரையின் கழுத்துக் கோடுகள் பிசிறில்லாமல் விழும். ஒன்பதரைக்கு மேல் அதே நாரை, அதே தூரம், படம் குழைந்துவிடும். கரை சூடாகி வெப்பக்காற்று மேலெழும்போது ஒளி நேராக வந்து சேர்வதில்லை. ஃபோகஸ் கெட்டுவிட்டது என்று லென்ஸைக் கடைக்குத் தூக்க வேண்டாம். இதைவிடப் பல மடங்கு விலையுள்ள லென்ஸுக்கும் இதே கதிதான். வெயில் ஏறுவதற்குள் எடுக்க வேண்டும், இல்லையென்றால் பறவைக்கு அருகில் போக வேண்டும். நான் எடுத்து முடித்த பிறகுதான் பசியாறப் போவேன்.

எல்லா மாதமும் ஒன்றுபோல இருக்கும் என்று நம் ஊரைப் பற்றிச் சொல்வார்கள். குட்டைக்கரையில் அப்படி இல்லை. அக்டோபர் வாக்கில் நீலவால் பஞ்சுருட்டான்கள் கூட்டமாக வரும், கருந்தொப்பி மீன்கொத்தியும் வரும். ஆனால் மழையும் மேகமும் அப்போதுதான். 600-இல் லென்ஸின் துவாரத்தை எஃப் 6.3-க்கு மேல் திறக்க முடியாது என்பதால், கேமராவின் ஒளி உணர்திறனை ஐஎஸ்ஓ 3200 வரை ஏற்றியே ஆக வேண்டும், படத்தில் புள்ளிபுள்ளியாகக் குருணை விழும். பறக்கும் பஞ்சுருட்டான் வேண்டுமென்றால் அந்தக் குருணையைப் பொறுத்துக்கொள்ளுங்கள், பொறுத்துக்கொள்ளத் தகுந்த பறவை அது!

ஆகஸ்ட், செப்டம்பரில் புகைமூட்டம் வந்தால் தூரத்துப் பறவையை விட்டுவிடுவேன். அப்போது பூக்கள்தான். 2.8 மீட்டர் வரை நெருங்கி ஃபோகஸ் செய்யலாம். கால் நனையாமல் நடுக்குட்டைத் தாமரையை எடுக்கலாம், கரையோரச் செண்டுடுக்கின் ஊதா இதழ்களையும் எடுக்கலாம். தோட்டச் சாலையோரம் மஞ்சளாகப் பூத்திருக்கும் டர்னெராவைத் தவற விடாதீர்கள். செம்பனை இலையைத் தின்னும் கூடு சுமக்கும் பைப்புழுக்களைக் கொல்லும் சிறு குளவிகளுக்குத் தேன் கிடைக்கட்டும் என்றே அதை நடுகிறார்கள். அதனால் பூவோடு பூச்சியும் கிடைக்கும்.

எடை 1.93 கிலோ. ஒற்றைக்கால் ஸ்டாண்ட் இருந்தால் நல்லது. அப்புறம், நம் ஈரக்காற்றில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். ஈரப்பதத்தை 40 முதல் 50 விழுக்காட்டில் வைக்கும் உலர்பெட்டிக்கும் சேர்த்தே பணம் ஒதுக்குங்கள்.