மாஷ் வெப்பம் தவறினால்: கொதிநீரா, அடுப்பா, டிகாக்‌ஷனா?

வீட்டில் பியர் காய்ச்சுகிறவர்களுக்கு மால்ட்டை, அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லியை, வெந்நீரில் கொட்டியதும் வரும் முதல் சில நிமிடங்கள்தான் பதற்றமானவை. இந்தக் கலவைதான் மாஷ்; மால்ட்டின் மாவுச்சத்து சர்க்கரையாக மாறுவது இதில்தான். 66 டிகிரி செல்சியஸை எதிர்பார்த்திருக்க, தெர்மாமீட்டர் 62 என்கிறது. அல்லது 70. இதைச் சரிசெய்யப் பல வழிகள் உண்டு. பெரும்பாலும் கொதிநீர்தான் என் தேர்வு, எப்போதும் அல்ல.

எதையும் ஊற்றுமுன் அந்த எண்ணை நம்பலாமா என்று பாருங்கள். மாஷுக்குள் வெளியே ஈரமாகவும் உள்ளே உலர்ந்தும் இருக்கும் மாவுக் கட்டிகள் கிடக்கும். அடிவரை கிளறி அவற்றை உடைத்து, மூடி வைத்து, ஐந்து நிமிடம் கழித்து நடுவிலும் ஓரத்திலும் அடியிலும் அளந்து பாருங்கள். பாதிப் பிரச்சினைகள் இதிலேயே தீர்ந்துவிடும்.

வெப்பம் கூடிப்போனால்தான் உண்மையில் அவசரம். மால்ட்டில் உள்ள பீட்டா அமைலேஸ் என்ற நொதி 60 முதல் 65 டிகிரி வரை நன்றாக வேலை செய்து, ஈஸ்ட் தின்னக்கூடிய மால்டோஸ் என்ற சர்க்கரையைத் தருகிறது. 70ஐத் தொட்டால் அது வேகமாகச் செயலிழக்கும். பிறகு ஆறவைத்தாலும் மீளாது. இன்னொரு நொதியான ஆல்ஃபா அமைலேஸ் தாக்குப்பிடிக்கும், ஆனால் அது விட்டுவைக்கும் டெக்ஸ்ட்ரின்களை, அதாவது மாவுச்சத்தின் பெரிய துண்டுகளை, ஈஸ்ட் தொடாது. பியர் கனமாகவும் இனிப்பாகவும் நின்றுவிடும். 5 கிலோ மால்ட், 15 லிட்டர் தண்ணீர் உள்ள மாஷை 70இலிருந்து 66க்கு இறக்க, 10 டிகிரி குளிர்நீர் சுமார் 1.2 லிட்டர் வேண்டும். ஐஸ் என்றால் அரைக் கிலோ போதும், ஏனென்றால் உருகுவதற்கே அது நிறைய வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். மாஷ் அதிகம் நீர்க்காது என்பதால் என் ஓட்டு ஐஸுக்கே. ஒன்றிரண்டு டிகிரிதான் கூடுதல் என்றால் மூடியைத் திறந்து கிளறினாலே இறங்கிவிடும்.

வெப்பம் குறைந்திருந்தால் நிதானிக்கலாம். நொதிகள் உயிரோடுதான் இருக்கின்றன. அதே மாஷை 62இலிருந்து 66க்கு ஏற்ற ஏறக்குறைய 2 லிட்டர் கொதிநீர் தேவை. முதலில் பாதியை ஊற்றிக் கிளறி அளந்துவிட்டு மீதியை ஊற்றுங்கள். மொத்தமாகக் கவிழ்த்துவிட்டு 69இல் போய் நிற்பது தேவையில்லாத வேலை. ஊற்றிய அளவைப் பின்னால் மால்ட்டை அலசும் தண்ணீரில் கழித்துக்கொண்டால் போதும். மாஷ் இருக்கும் பெட்டி விளிம்புவரை நிரம்பியிருந்தால் மட்டும் இந்த வழி பயன்படாது.

அடுப்பு எளிதாகத் தெரியும். பிளாஸ்டிக் கூலர் பெட்டிக்கு அது சாத்தியமே இல்லை. உலோகப் பாத்திரத்திலும் கெட்டியான மாஷில் சூடு மெதுவாகத்தான் பரவும். மேலே 64 காட்டும்போது அடி 75ஐத் தாண்டியிருக்கலாம். பையில் மால்ட் போட்டுக் காய்ச்சுகிறவர்கள் பை அடியைத் தொடாதபடி ஒரு தட்டு வைத்து, தீயைக் குறைத்து, கை ஓயாமல் கிளற வேண்டும். பம்ப் வைத்துச் சுழற்றும் மின்சாரக் கருவிகளில் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் அவற்றின் திரை பல நேரம் அடியில் உள்ள உணரியின் வெப்பத்தையே காட்டும், தானியத்தின் நடுப்பகுதி சற்றுப் பின்தங்கியிருக்கும்.

பெட்டி நிரம்பிவிட்டால் டிகாக்‌ஷன்தான் சரி. மாஷில் கெட்டியான பகுதியை எடுத்து, தனியே கொதிக்கவைத்து, திரும்பச் சேர்ப்பது. தெர்மாமீட்டர் இல்லாத காலத்தில் மத்திய ஐரோப்பியக் காய்ச்சுகிறவர்களுக்கு நிச்சயமாகத் தெரிந்த வெப்பம் கொதிநிலை மட்டுமே. அதை அளவுகோலாக வைத்து எழுந்த முறை இது. 1842இல் பில்சன் நகரில் பிறந்த பில்ஸ்னர் உர்க்வெல் பியருக்கு இன்றும் மூன்று முறை இப்படிச் செய்கிறார்கள். நம் 4 டிகிரிக்கு ஏறக்குறைய 3 லிட்டர் எடுத்தால் போதும். தண்ணீர் கூடாது, மால்ட்டின் வாசனையும் ஆழமாகும். கால் மணி நேரத்துக்குமேல் ஆகும் என்பதுதான் விலை.

62, 63 டிகிரியில் அப்படியே விட்டுவிடுவதும் ஒரு வழிதான். ஒரு மணி நேரத்துக்குப் பதில் ஒன்றரை மணி நேரம் வையுங்கள். வெள்ளைத் தட்டில் உமி இல்லாத தெளிந்த சாற்றைச் சொட்டி, அயோடின் ஒரு துளி விடுங்கள். கருநீலமானால் மாவுச்சத்து மீதி இருக்கிறது. சேசான் போன்ற, இனிப்புக் குறைந்த வறண்ட பியருக்கு இந்தக் குறைந்த வெப்பம் நல்லதே. கனமான ஸ்டவுட்டுக்கு ஆகாது. 60க்குக் கீழே என்றால் விடாதீர்கள், பார்லியின் மாவுச்சத்து சரியாக இளகாது.

அடுத்த முறைக்கு: மேலே சொன்ன அளவில் மால்ட் 30 டிகிரியில் இருந்தால் தண்ணீர் 71, 20 டிகிரியில் இருந்தால் 72க்குச் சற்று மேல். பெட்டியை முன்பே வெந்நீர் ஊற்றிச் சூடாக்கியிருந்தால்தான் இந்தக் கணக்கு பொருந்தும்.