42 சதவீதமா, 97 சதவீதமா: பிரிட்டன் சூப்பர் மார்க்கெட்டில் பன்றி இறைச்சி சாசேஜ் வாங்குவது

பிரிட்டன் சூப்பர் மார்க்கெட்டுகளில் பன்றி இறைச்சி சாசேஜ் பாக்கெட்டுகள் பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஒரு தட்டில் எட்டு உருப்படி, மேலே பிளாஸ்டிக் தாள், ஓரத்தில் ஒரு பண்ணைப் படம். உள்ளே இருக்கும் இறைச்சியோ ஒன்றில் 42 சதவீதம், அடுத்த தட்டில் 97 சதவீதம். விலை அந்தக் கணக்கில் ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. கொடுத்த காசுக்கு நியாயமான சரக்கு பெரும்பாலும் நடுவில், கடையின் சொந்தப் பெயரில் வரும் 70 முதல் 90 சதவீத வகைகளில் இருக்கிறது. பிரபல பிராண்டிலும் இல்லை, மிக உயர்ந்த சதவீதத்திலும் இல்லை.

லேபிள் சொல்வது

"போர்க் சாசேஜ்" என்று பெயர் போட்டு விற்க, சட்டப்படி 42 சதவீதம் பன்றி இறைச்சி இருந்தால் போதும். "போர்க்" என்ற சொல் இல்லாமல் வெறும் "சாசேஜ்" என்றிருந்தால் வரம்பு 32 சதவீதத்துக்கு இறங்கிவிடும். மலிவு விலைப் பைகளில் அந்த ஒரு சொல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சதவீதத்தைப் பொருட்கள் பட்டியலில் எழுதியே ஆக வேண்டும். அதனால் பாக்கெட்டின் பின்பக்கம் தேடினால் கண்டிப்பாகக் கிடைக்கும்.

அந்த "இறைச்சி" கணக்கில் கொழுப்பும் அடக்கம். பன்றியைப் பொறுத்தவரை 30 சதவீதம் வரை கொழுப்பு, 25 சதவீதம் வரை இணைப்புத் திசு இருந்தாலும் அது இறைச்சிதான். அதைத் தாண்டினால் "பன்றிக் கொழுப்பு" என்று தனியாக எழுத வேண்டும். ஈரலும், எலும்பிலிருந்து இயந்திரத்தால் பிரித்தெடுத்த சதையும் இந்தக் கணக்கில் வராது. பட்டியலில் பன்றிக் கொழுப்பு, பன்றித் தோல், சோயா புரதம் மூன்றும் வரிசையாக வந்தால் அந்தப் பாக்கெட்டை வைத்துவிட்டு அடுத்ததைப் பார்க்கலாம்.

இன்னொரு சுருக்குவழி, ஊட்டச்சத்து அட்டவணை. 42 சதவீத சாசேஜில் 100 கிராமுக்குப் புரதம் ஏறத்தாழ 10 கிராமை ஒட்டியே நிற்கும், மாவுச்சத்து அதே அளவுக்கோ கூடுதலாகவோ இருக்கும். 85, 90 சதவீதத்துக்குப் போனால் புரதம் 14 கிராமைத் தாண்டும், மாவுச்சத்து ஓரிரு கிராமுக்குச் சுருங்கும். உப்பையும் அங்கேயே பார்த்துவிடலாம். 100 கிராமுக்கு 1.5 கிராமுக்கு மேல் போனால், இரண்டு சாசேஜிலேயே நாள் அளவான 6 கிராமில் கால் பங்கு போய்விடுகிறது.

விலையை எப்படி ஒப்பிடுவது

எட்டு சாசேஜ் என்பது அளவே அல்ல. சில பாக்கெட்டில் எட்டும் சேர்ந்து 400 கிராம், சிலவற்றில் பழைய ஒரு ராத்தல் கணக்கில் 454 கிராம். எனவே அலமாரிச் சீட்டில் பொடி எழுத்தில் இருக்கும் கிலோ விலையைப் பாருங்கள். டெஸ்கோ கிளப்கார்டு, செயின்ஸ்பரிஸ் நெக்டர் போன்ற கடை உறுப்பினர் அட்டைக்கான சலுகை விலை இருந்தால், அந்தக் கிலோ விலை அட்டை விலைக்கானதா, சாதாரண விலைக்கானதா என்றும் பார்க்க வேண்டும்.

பிறகு கிலோ விலையை இறைச்சிச் சதவீதத்தால் (42 சதவீதம் என்றால் 0.42ஆல்) வகுக்க வேண்டும். கைபேசியில் பத்து வினாடி வேலை. கீழே உள்ள கிலோ விலைகள் கணக்கைக் காட்டுவதற்காக வைத்தவை. கடைக்கும் வாரத்துக்கும் ஏற்ப மாறும்.

உறைந்த மலிவுப் பை, 42 சதவீதம், கிலோ 3.20 பவுண்டு: உள்ளே இருக்கும் இறைச்சி கிலோ 7.62 பவுண்டு.
விளம்பரப் பிராண்டு, 42 சதவீதம், கிலோ 7 பவுண்டு: இறைச்சி கிலோ 16.67.
கடையின் சொந்த நடுத்தர வகை, 72 சதவீதம், கிலோ 5 பவுண்டு: இறைச்சி கிலோ 6.94.
கடையின் உயர்தர வகை, 90 சதவீதம், கிலோ 8 பவுண்டு: இறைச்சி கிலோ 8.89.
97 சதவீத பிராண்டு, கிலோ 9.50 பவுண்டு: இறைச்சி கிலோ 9.79.

உறைந்த பை மலிவு என்று தோன்றினாலும், இறைச்சிக்குக் கொடுக்கும் விலையில் நடுத்தர வகையைவிட அது அதிகம். இரண்டாவது வரியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

போட்டியாளர்கள், ஒவ்வொன்றாக

ரிச்மண்ட் பிராண்டின் தடித்த போர்க் சாசேஜ் பல ஆண்டுகளாகவே 42 சதவீதம் என்று போட்டுத்தான் விற்கிறது. ஒளிவு மறைவு ஒன்றும் இல்லை. மிருதுவாக, மாவாக, ஒரே சீராக இருக்கும், குழந்தைகளுக்குப் பிடிக்கும். அந்த மென்மைக்குக் காரணம் ரஸ்க். இது தேநீரில் தோய்க்கும் ரஸ்க் இல்லை. ஈஸ்ட் சேர்க்காமல் சுட்டுப் பொடித்த கோதுமை மாவு. தன் எடையைப்போல இரண்டு மடங்கு தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும். அந்தச் சுவைதான் வேண்டும் என்றால் வாங்கலாம். ஆனால் பெயருக்காகக் கூடுதல் விலை கொடுக்கிறோம் என்று தெரிந்தே வாங்க வேண்டும். கடைகளின் சொந்த மலிவு வகை ஏறக்குறைய அதே வேலையைப் பாதி விலையில் செய்துவிடும்.

மறுகோடியில் ஹெக் என்ற பிராண்டு. 97 சதவீதம் என்பதையே பெயர்போலப் போட்டுக்கொள்ளும். குளூட்டன் என்ற கோதுமைப் புரதம் இல்லாதது, எனவே கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு முதல் தேர்வு. ஆனால் 97 என்பதாலேயே அது 85ஐவிடச் சுவையில் மேல் என்று ஆகிவிடாது. ரஸ்க் என்பது வெறும் நிரப்பி மட்டும் இல்லை. வேகும்போது உருகும் கொழுப்பையும் சாற்றையும் அது பிடித்து வைக்கிறது. அது இல்லாத சாசேஜ் சற்றே அதிகம் வெந்தாலும் கெட்டிப்பட்டு, கபாப்போல இறுகிவிடும். கொழுப்பு குறைத்த சாசேஜ்களில் இந்தச் சிக்கல் இன்னும் மோசம். நல்ல சாசேஜுக்கு 20 முதல் 25 சதவீதம் கொழுப்பு வேண்டும். அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் தண்ணீரும் மாவும் வைத்தால் ரப்பர்தான் மிஞ்சும்.

கடைகளின் உயர்தர வரிசை என்றால் டெஸ்கோ ஃபைனஸ்ட், செயின்ஸ்பரிஸ் டேஸ்ட் தி டிஃபரன்ஸ், மாரிசன்ஸ் தி பெஸ்ட், ஆல்டி ஸ்பெஷலி செலக்டட், லிடில் டீலக்ஸ். வழக்கமான தேர்வுக்கு நல்ல இடம் இதுதான். அரைப்பு சற்றுக் கரடுமுரடாக இருக்கும், கடித்தால் இறைச்சித் துண்டு தட்டுப்படும். ஆல்டி, லிடில் இரண்டிலும் இந்த வரிசை மற்றக் கடைகளைவிடப் பெரும்பாலும் மலிவு. வேறு கடையில் அட்டைச் சலுகை வரும் வாரத்தில் மட்டும் ஒப்பிட்டுப் பார்த்தால் போதும்.

ஒரு கடையின் தரத்தை எடைபோட முதலில் சாதா போர்க் வகையை வாங்குங்கள். மசாலா கூடினால் குறை மறையும். கம்பர்லாந்து வகை சாசேஜில் மிளகு தூக்கல், லிங்கன்ஷயர் வகையில் சேஜ் என்ற மூலிகை இலை. 2011இல் புவிசார் பாதுகாப்பு பெற்ற "டிரெடிஷனல் கம்பர்லாந்து சாசேஜ்" கம்ப்ரியாவில் செய்த நீளச் சுருள், அதில் இறைச்சி 80 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. வெறும் "கம்பர்லாந்து" என்று போட்ட எட்டுத் துண்டுப் பாக்கெட்டை அந்த விதி கட்டுப்படுத்தாது. ஆப்பிள், தேன், வதக்கிய வெங்காயம் சேர்த்தவற்றில் சர்க்கரை இருப்பதால் உள்ளே வேகும் முன்பே வெளியே கருகும்.

பாக்கெட்டில் உள்ள பிரிட்டிஷ் கொடியைப் பார்த்தும் ஏமாற வேண்டாம். "பிரிட்டனில் தயாரித்தது" என்பதும் "பிரிட்டிஷ் பன்றி இறைச்சி" என்பதும் வேறு வேறு. சினைப் பன்றிகளைத் திரும்பக்கூட இடமில்லாத கூண்டில் அடைப்பதை பிரிட்டன் 1999இலேயே தடை செய்துவிட்டது. "அவுட்டோர் பிரெட்" என்றால் குட்டி வெளியில் பிறந்து பால்குடி மறக்கும் வரை மட்டும் அங்கே இருந்தது என்று பொருள். வாழ்நாள் முழுதும் வெளியில் என்றால் "ஃப்ரீ ரேஞ்ச்".

உறையில் மாடு

மாட்டிறைச்சி தவிர்ப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. பல பன்றி சாசேஜ்களின் உறை மாட்டுத் தோலிலிருந்து எடுத்த கொலாஜன் என்ற புரதம். பட்டியலின் கடைசியில் "பீஃப் கொலாஜன் கேசிங்" என்று ஒரு வரி இருக்கும், கண்ணுக்குத் தப்பிவிடும். கடற்பாசியிலிருந்து வரும் ஆல்ஜினேட் உறையோ இயற்கையான பன்றிக் குடல் உறையோ போட்டிருந்தால் பிரச்சினை இல்லை. உயர்தர வகைகளில் குடல் உறை அதிகம். கொலாஜன் முழுக்க ஒரே தடிமனாக இருக்கும், குடல் உறை லேசாக வளைந்து, தடிமன் மாறி மாறி வரும்.

ஆஸ்துமா இருப்பவர்கள் சல்பைட் என்ற பதப்படுத்தும் பொருள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் சோடியம் மெட்டாபைசல்பைட், அதாவது இ223. ஒவ்வாமைப் பொருள் என்பதால் தடித்த எழுத்தில் இருக்கும்.

சட்டியில் தெரியும் உண்மை

இரண்டு வகையை ஒப்பிட எளிய வழி தராசு. சமைக்கும் முன் எடை போடுங்கள், சமைத்து ஐந்து நிமிடம் கழித்து மறுபடி போடுங்கள். அதிகம் இளைத்தது அதிகத் தண்ணீரையோ கொழுப்பையோ விற்றிருக்கிறது. சட்டியில் வெள்ளையாகக் கசிந்து கட்டிப்படுவது தண்ணீரில் கரைந்த புரதம். தெளிவாக உருகுவது கொழுப்பு.

உறை வெடிப்பதற்குச் சரக்கை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. சூடான சட்டியில் போட்டால் உள்ளே இருக்கும் நீர் ஆவியாகி உறையைக் கிழிக்கும். குளிர்ந்த சட்டியில் வைத்து, மிதமான தீயில் அடிக்கடி புரட்டி 15 முதல் 20 நிமிடம் வேகவிடுங்கள். முள்கரண்டியால் குத்தினால் சாறு ஓடிவிடும். அடுப்புப்பெட்டியில் 190 டிகிரியில் 20 முதல் 25 நிமிடம் ஆகும். நடுப்பகுதி 70 டிகிரியை எட்டி இரண்டு நிமிடம் நிற்க வேண்டும். நிறத்தை நம்பாமல் வெப்பமானியை நம்புங்கள்.

கொழும்புக் கடைப் பாணியில் டெவில் என்ற காரமான வதக்கல் செய்வதானால் 42 சதவீத வகை வேண்டாம். வாணலியில் கிளறும்போதே மாவாகப் பிரிந்துவிடும். 80 சதவீதத்துக்கு மேல் உள்ளதை முழுதாக வேகவைத்து, நன்றாக ஆறவிட்டு, சரிவாக வெட்டி, வெங்காயமும் குடமிளகாயும் வதங்கிய பிறகு கடைசி இரண்டு நிமிடத்தில் சேர்க்க வேண்டும். சூடாக இருக்கும்போது வெட்டினால் உறை உரிந்து தனியே வந்துவிடும்.

மாலை நேரங்களில் விலை குறைத்து மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டிய பாக்கெட் கிடைத்தால், "யூஸ் பை" தேதி முடிவதற்குள் உறைய வையுங்கள். அட்டைத் தட்டோடு அப்படியே போட்டால் எட்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இரண்டிரண்டாகப் பிரித்து, காற்றை வெளியேற்றி உறைய வைக்கும் பையில் சுற்றி, சதவீதத்தையும் தேதியையும் எழுதி வையுங்கள். இரண்டு மாதத்துக்குள் பயன்படுத்திவிடுவது நல்லது. உருகவைப்பதைக் குளிர்பெட்டியின் கீழ்த் தட்டில், முந்தின இரவே.