இம்பாட் 2.0: ஹெபடைடிஸ் சி மருந்துத் தேடலுக்கு எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

சென்னை கணித அறிவியல் நிறுவனம் 2022-இல் வெளியிட்ட இம்பாட் 2.0 தரவுத்தளத்தில் 4,010 இந்திய மூலிகைகளும் 17,967 தாவரச் சேர்மங்களும் இருக்கின்றன. எந்தச் சேர்மம் இலையில், எது வேரில் என்று பாகம் பிரித்துக் காட்டுவதுதான் இதன் பெரிய பலம். முதல் பதிப்பில் இந்த வசதி கிடையாது. கீழாநெல்லியைத் தேடுபவர்கள் தாவரவியல் பெயரைக் கொடுப்பது நல்லது. ஒரே நாட்டுப்பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட செடிகள் புழங்குகின்றன.

சேர்மங்களின் முப்பரிமாண வடிவங்கள் பிடிபிக்யூடி (PDBQT) கோப்பாகவே கிடைக்கின்றன. ஒரு சேர்மம் புரதத்தில் எப்படிப் பொருந்தும் என்று கணினியில் கணித்து (டாக்கிங்) மதிப்பெண் தரும் மென்பொருளான ஆட்டோடாக் வினாவில் அப்படியே ஏற்றிவிடத் தோன்றும். அவசரம் வேண்டாம். மூலக்கூறு வடிவத்தின் இன்னொரு கோப்பு வகையான எஸ்டிஎஃப்பை (SDF) இறக்கி, பிஎச் 7.4-இல் புரோட்டான் நிலை (எந்த அணுக்களில் ஹைட்ரஜன் ஒட்டியிருக்கும் என்பது) சரியா என்று பார்த்துவிட்டு நீங்களே மாற்றிக்கொள்ளுங்கள்.

பலர் சறுக்குவது வடிகட்டலில். சேர்மம் மருந்தாகத் தகுமா என்று பார்க்கும் தளத்தின் ஆறு மருந்துத்தன்மை விதிகளையும் தாண்டுபவை 1,335 சேர்மங்களே. உங்கள் இலக்கு, ஹெபடைடிஸ் சி வைரஸ் பெருகத் தேவையான என்எஸ்3/4ஏ புரோட்டியேஸ் என்ற நொதி என்றால் இந்த வடிகட்டியை முதலிலேயே போடக் கூடாது. அந்த நொதிக்கென்று ஒப்புதல் பெற்ற டெலாப்ரெவிரின் மூலக்கூறு எடை 680, சிமெப்ரெவிர் 750, கிராசோப்ரெவிர் 767. அந்த ஆறில் ஒன்றான லிபின்ஸ்கி விதியின் 500 என்ற எடை வரம்பு இவை மூன்றையுமே வெளியே தள்ளியிருக்கும்!

வடிகட்டாமல் விட்டாலோ டானின்கள் (துவர்ப்புச் சுவை தரும் பெரிய தாவரச் சேர்மங்கள்) பட்டியலின் உச்சியில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். நொதியின் பள்ளம் ஆழமற்றது, நீருக்குத் திறந்தது. பெரிய மூலக்கூறுக்குத் தொட்டுக்கொள்ள இடம் அதிகம் என்பதால் மதிப்பெண் கூடுகிறது. கீழாநெல்லியிலுள்ள கோரிலாஜின் என்ற டானினில் ஹைட்ரஜன் அல்லாத அணுக்கள் மட்டுமே 45. மதிப்பெண்ணை அந்த எண்ணால் வகுத்த பிறகு ஒப்பிடுங்கள்.

அதற்கும் முன்னால், புரதக் கட்டமைப்பு வங்கியில் 3எம்5எல் என்ற குறியீட்டில் உள்ள இந்த நொதியின் கட்டமைப்பிலிருந்து, அதில் ஒட்டியிருக்கும் டனோப்ரெவிர் என்ற தடுப்பானை எடுத்துவிட்டு மறுபடி பொருத்திப் பாருங்கள். அசல் நிலையிலிருந்து விலகல் 2 ஆங்ஸ்ட்ராமைத் தாண்டினால், மென்பொருள் தேடும் பெட்டியின் அளவு, மையம் இரண்டையும் திருத்த வேண்டும். இந்தச் சோதனைக்கு டெலாப்ரெவிர் ஆகாது. அது நொதியின் செரின் 139 என்ற அமினோ அமிலத்துடன் சகப்பிணைப்பு (எலக்ட்ரான்களைப் பகிரும் வேதிப்பிணைப்பு) கொள்வது. சாதாரண டாக்கிங் அதைக் கணக்கிடாது.

செடியில் ஒரு சேர்மம் எவ்வளவு இருக்கிறது என்ற தகவல் தளத்தில் இல்லை. ஆய்வகத்துக்குத் தூள் வாங்கும்போதுதான் இந்தக் குறை உறைக்கும். பட்டியலில் இருப்பதாலேயே பிரித்தெடுக்கும் அளவுக்குக் கிடைத்துவிடும் என்று நம்பித் திட்டம் போடாதீர்கள். பொருத்தத்தில் தேறியவற்றை நொதிச் சோதனைக்கு அனுப்பும்போது ட்ரைட்டான் எக்ஸ்-100 என்ற சோப்பு போன்ற பொருளை 0.01 சதவீதம் சேர்த்தும் சேர்க்காமலும் ஓட்டுங்கள். சேர்த்ததும் தடுப்பு மறைந்தால், அது சேர்மத்தின் மூலக்கூறுகள் ஒன்றாகத் திரண்டு நொதியை முடக்கியதன் வேலை. செல்லுக்குள் வைரஸ் ஆர்என்ஏ பெருகுவதை லூசிஃபெரேஸ் என்ற நொதி தரும் ஒளியால் அளக்கும் ரெப்ளிகான் சோதனையிலும் குவெர்செட்டின் போன்ற ஃபிளாவனாய்டுகள் ஏமாற்றும். அவை லூசிஃபெரேஸையே தடுக்கக்கூடியவை என்பதால், வைரஸ் ஆர்என்ஏவைத் தனியே அளந்து சரிபார்க்க வேண்டும்.