மாடித்தோட்டம் எழுதுகிறவருக்கு வாட்ஸ்அப்: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

அமெரிக்காவில் தோட்டம் பற்றி எழுதுகிறவர்கள் 1948-லேயே தங்களுக்கென்று ஒரு சங்கம் தொடங்கிவிட்டார்கள். இங்கே மாடித்தோட்டம் பற்றி எழுதுவது, வீடியோ போடுவது, பயிற்சி வகுப்பு எடுப்பது என்று இருக்கிற எங்களைப் போன்றவர்களுக்குச் சங்கம், அலுவலகம், மாதக்கூட்டம் எல்லாமே வாட்ஸ்அப்தான். கோயம்புத்தூரில் இருந்துகொண்டு பத்திரிகைகளுக்கு எழுதுகிறேன், வார இறுதிகளில் வகுப்பும் எடுக்கிறேன். தொழில் தொடர்புகளில் பெரும்பகுதி இதன் வழியாகத்தான் வந்தது. செடி வளர்ப்பவர்களுக்கு இது எப்படி என்பது வேறு விஷயம். செடி பற்றி மற்றவர்களுக்குச் சொல்கிற வேலையில் இருப்பவர்களுக்கு இது எப்படி என்பதை மட்டும் இங்கே சொல்கிறேன்.

முதலில் பெரிய குழுக்கள். 256 பேர் என்ற வரம்பு இருந்தவரை குழுக்களில் ஓரளவு ஒழுங்கு இருந்தது. 2022-ல் அது முதலில் 512 ஆகி, அந்த வருடக் கடைசிக்குள் 1024 ஆனது. அதற்குப் பிறகு காலை வணக்கப் படங்களும் குரோ பேக் (செடி வளர்க்கும் பை) விற்பனையும்தான் அதிகம். வாசகர்கள் இப்போது எதைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள மட்டும் பெரிய குழுவைப் பார்க்கிறேன். ஆடிப்பட்டம் நெருங்கும்போது எல்லாரும் கோகோபீட்டை (தேங்காய் நார்த்தூள்) பற்றியே கேட்டால், அடுத்த கட்டுரை எதைப் பற்றி என்று யோசிக்கவே வேண்டாம்.

உண்மையில் வேலைக்கு ஆவது சின்னக் குழு. எங்களுடையதில் இரண்டு நர்சரிக்காரர்கள், நாட்டு விதை சேகரிப்பவர்கள் சிலர், ஓய்வுபெற்ற தோட்டக்கலை அலுவலர் ஒருவர், வேளாண் அறிவியல் நிலையத்தில் வேலை பார்க்கும் விஞ்ஞானி ஒருவர், என்னைப் போல எழுதுகிறவர்கள் கொஞ்சம் பேர். புதிதாக ஒருவரைச் சேர்க்கும் முன் குழுவில் கேட்போம். விற்பனைப் பதிவுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் அனுமதி. இவ்வளவுதான் விதி. இந்தச் சின்னக் குழு தருகிற பலனில் கால்வாசிகூடப் பெரிய குழு எதிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

ஆனால் குழுவை விட முக்கியம், அதில் கேள்வி எப்படிப் போகிறது என்பது. 'மிளகாய்ச் செடி இலை சுருளுது, என்ன அடிக்கலாம்?' என்று மங்கலான ஒரு படத்தோடு கேட்டுப் பாருங்கள். புளித்த மோர், இஞ்சி பூண்டு கரைசல், வேப்பெண்ணெய், பஞ்சகவ்யா என்று பத்துப் பதில் வரும். யாரும் பொய் சொல்லவில்லை, ஆளுக்கொரு நோயை மனதில் வைத்துச் சொல்கிறார்கள். இலை ஓரம் மேல்நோக்கிச் சுருண்டால் பெரும்பாலும் இலைப்பேன். கீழ்நோக்கிக் கவிழ்ந்து, காம்பும் நீண்டிருந்தால் சிலந்திப்பேன். இலை சிறுத்துச் சுருங்கிச் செடியே குட்டையாக நின்றுவிட்டால் வெள்ளை ஈ பரப்புகிற வைரஸாக இருக்கலாம். அப்படியானால் மருந்தால் சரியாகாது, பிடுங்கிப் போட வேண்டியதுதான். இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்க முடியாத கேள்விக்கு விஞ்ஞானி பதில் சொல்ல மாட்டார். அவர் பேசாமல் இருந்தால் நம்மை மதிக்கவில்லை என்று அர்த்தம் இல்லை, நாம் கேட்டதில் பதில் சொல்வதற்கு எதுவும் இல்லை என்றுதான் அர்த்தம்.

அதனால் வாசகரிடமிருந்து வருகிற கேள்வியை அப்படியே குழுவுக்குத் தள்ளுவதில்லை. செடிக்கு எத்தனை நாள் ஆகிறது, பை என்ன அளவு, வெயில் எத்தனை மணி நேரம், கடைசிப் பத்து நாளில் என்ன ஊற்றினீர்கள் என்று கேட்டு வாங்குவேன். முழுச் செடியும் தெரிகிற மாதிரி ஒரு படம், இலையின் அடிப்பக்கம் ஒரு படம். நுனிக் கொழுந்தை வெள்ளைத் தாளின் மேல் தட்டினால் இலைப்பேன் ஊர்வது கண்ணுக்கே தெரியும், அதையும் படம் எடுக்கச் சொல்வேன். படத்தைச் சாதாரணமாக அனுப்பினால் வாட்ஸ்அப் சுருக்கிவிடும், ஒரு மில்லிமீட்டர் பூச்சி அதில் காணாமலே போகும். டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள், இல்லையென்றால் ஹெச்டி. இந்தப் பழக்கம் வந்த பிறகு, பகலில் பதில் சொல்ல நேரமில்லாதவர்கள்கூட ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு வரி எழுதுகிறார்கள்.

வல்லுநர்களோடு உறவு வளர்ப்பதற்கு வாட்ஸ்அப் தொடக்கமாக இருக்கக் கூடாது என்பது என் அபிப்பிராயம். இந்தியாவின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974-ல் புதுச்சேரியில் வந்தது. இன்று கிட்டத்தட்ட எல்லா மாவட்டத்திலும் ஒன்று இருக்கிறது. ஒருமுறை நேரில் போய், என்ன எழுதுகிறோம் என்று காட்டிவிட்டு வந்தால், பிறகு அனுப்புகிற செய்திக்கு முகம் இருக்கும். கட்டுரை வெளிவந்ததும் அதை அவருக்கு அனுப்புவதை மறக்காதீர்கள். அவருடைய கைப்பேசி எண்ணை அவர் சொல்லாமல் கட்டுரையில் போடவே போடாதீர்கள். வாசகருக்கு எண் வேண்டுமென்றால் கிசான் கால் சென்டரின் 1800-180-1551 இருக்கிறது, கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.

வயதான விவசாயிகளிடமும் விதை சேகரிப்பவர்களிடமும் குரல் பதிவுதான் சரி. 'அய்யா, வணக்கம். அந்தப் பச்சைக் கத்தரி இந்த வருசம் எப்படி வந்துச்சு?' என்று கேட்டால் நான்கு நிமிடத்துக்குப் பதில் வரும், அதில் பாதி கட்டுரைக்கே ஆகும். ஆனால் அளவு மட்டும் குரலில் வேண்டாம். பஞ்சகவ்யா தெளிக்க 3 சதவீதம், அதாவது லிட்டருக்கு 30 மில்லி. இதைக் குரலில் கேட்டு எழுதி, மூன்று மில்லியா முப்பதா என்று அச்சுக்குப் போகிற நேரத்தில் மண்டையைப் பிய்த்துக்கொள்வதை விட, எண்ணால் எழுதி 'சரியா அய்யா?' என்று ஒரு வரி கேட்டுவிடலாம்.

இந்த வலைப்பின்னல் எனக்கு நன்றாகக் கைகொடுத்தது வெள்ளை ஈ விஷயத்தில். 2016-ல் பொள்ளாச்சிப் பக்கம் தென்னையில் தெரிந்த ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ, பிறகு மாடியில் இருக்கிற கொய்யா, வாழைக்கும் வந்தது. இலையெல்லாம் கரும்பூசணம் படிந்து கறுத்ததும், எந்த விஷ மருந்தை அடிப்பது என்றுதான் வாசகர்கள் கேட்டார்கள். குழுவில் இருந்த ஓய்வுபெற்ற அலுவலர் பப்பாளி மாவுப்பூச்சியை நினைவுபடுத்தினார். அது 2008-ல் கோவையில் தெரிந்து, 2010-ல் போர்ட்டோ ரிகோவிலிருந்து கொண்டுவந்த குட்டி ஒட்டுண்ணிக் குளவியால்தான் (பூச்சிக்குள் முட்டையிட்டு அதை அழிப்பது) அடங்கியது. வெள்ளை ஈக்கும் என்கார்சியா என்ற ஒட்டுண்ணி இருக்கிறது, மருந்து அடித்தால் முதலில் சாவது அதுதான். மருந்துக்குப் பதிலாக அவர் சொன்னவை: மஞ்சள் ஒட்டுப்பொறி, இலையின் அடியில் வேகமாகத் தண்ணீர் பீய்ச்சுவது, கரும்பூசணத்துக்கு லிட்டருக்கு 25 கிராம் மைதாப் பசை. பசை காய்ந்து உதிரும்போது கறுப்பையும் உரித்துக்கொண்டு வரும். 'ஒன்றும் அடிக்காதீர்கள்' என்று மட்டும் எழுதியிருந்தால் ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். குளவிக் கதையைச் சேர்த்து எழுதியதால் கேட்டார்கள்.

குறைகளும் உண்டு. பழைய பதிலைத் தேடி எடுப்பது பெரும் தொல்லை. ஒருவர் 'கத்தரி' என்றும் இன்னொருவர் 'கத்திரி' என்றும் எழுதியிருப்பார், ஒன்றைத் தேடினால் மற்றது வராது. படத்துக்குள் இருக்கும் தகவலைத் தேடவே முடியாது. நல்ல பதில்களை அன்றைக்கே நோட்டில் தேதி போட்டு எழுதி வைக்கிறேன். ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்புகிற பிராட்காஸ்ட் பட்டியலில், நம் எண்ணைச் சேமித்து வைத்தவர்களுக்கு மட்டும்தான் செய்தி போகும். வகுப்புக்கு வந்தவர்களிடம் இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். 2023-ல் வந்த வாட்ஸ்அப் சேனல் ஒருவழிப் பாதை, அறிவிப்புக்கு ஆகும், தொடர்புக்கு ஆகாது. டெலிகிராமில் பெரிய கோப்பெல்லாம் வைக்கலாம், ஆனால் எனக்கு வேண்டிய பெரியவர்கள் யாரும் அங்கே இல்லை. லிங்க்ட்இன் வழியாக விதை நிறுவனங்களின் கையேடு எழுதுகிற வேலை எப்போதாவது வந்ததுண்டு, அவ்வளவுதான்.

விளம்பரம் பற்றியும் ஒரு வார்த்தை. நம் எண் நாலு இடத்தில் தெரிந்ததும் இலவச உரம், இலவச விதை என்று பார்சல் வரத் தொடங்கும். ஒரு உர விற்பனையாளர், பணம் தருகிறேன், விளம்பரம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள் என்று தனிச்செய்தியில் கேட்டார். விளம்பரத் தர மன்றத்தின் 2021 விதிமுறைப்படி இலவசமாக வாங்கிய பொருளாக இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்த விதியையே பதிலாக அனுப்பினேன், அப்புறம் அவரைக் காணோம்.

இப்போது இரண்டாவது சிம்மில் வாட்ஸ்அப் பிசினஸ் வைத்திருக்கிறேன். அதற்கும் காசு இல்லை. நர்சரி, விஞ்ஞானி, பத்திரிகை, மாணவர் என்று லேபிள் ஒட்டிக்கொள்ளலாம். செடியின் வயது, பை அளவு என்று மேலே சொன்ன கேள்விகளைக் குவிக் ரிப்ளையாக (முன்கூட்டியே எழுதி வைத்த பதில்) வைத்திருப்பதால் ஒரு தட்டில் போய்விடும். ராத்திரி ஒன்பதுக்கு மேல் வருகிற 'அர்ஜெண்ட் சார்' எல்லாவற்றுக்கும் தானியங்கிப் பதிலாகவும் அதுவே போகிறது. காலையில் பார்த்தால், தாளில் தட்டிப் பார்த்துப் பூச்சியைத் தாங்களே கண்டுபிடித்துவிட்டு, 'இலைப்பேன்தான் சார், வேப்பெண்ணெய் அடிச்சிட்டேன்' என்று சிலர் எழுதியிருப்பார்கள்.